காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவே

ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எவ்வளவு தூரம் ஊர் சுற்றலாம் என்பதை முடிவு செய்வது அவர்கள் அல்ல, கட்டுத்தறியில் நிற்கும் மாடு. விடியற்காலை ஐந்தரைக்குக் கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றி, டிகிரி பார்த்துச் சீட்டு வாங்கி, திரும்பி வந்து தீனி போட்டுத் தண்ணி காட்டி நிமிர்ந்தால் மணி ஏழரை. சாயங்காலம் நாலரைக்கு மறுபடியும் மடியில் கை வைத்தாக வேண்டும். பால் தேங்கிப்போய் மடிநோய் வந்துவிட்டால் வைத்தியச் செலவு ஒரு மாதத்துப் பால் காசைத் தின்றுவிடும். ஆக, கையில் இருப்பது ஒன்பது மணி நேரம். குளித்துக் கிளம்பவும் கட்டுச்சோறு கட்டவும் ஒரு மணி, பஸ்ஸுக்கு நின்று நின்று ஒரு மணி என்று கழித்தால் மிச்சம் ஏழு.

அந்த ஏழு மணி நேரத்தை வைத்து ஓமலூரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தாரமங்கலம், மேச்சேரி, மேட்டூர், ஜலகண்டாபுரம், எடப்பாடி, பூலாம்பட்டி, சங்ககிரி, கஞ்சமலை, சேலம், ஏற்காடு எல்லாம் உள்ளே விழும். ஒகேனக்கல் மயிரிழையில் வெளியே நிற்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய கொல்லிமலை பக்கத்திலேயே வராது. எங்கள் வீட்டிலும் ஒரு மாடு உண்டு. பிள்ளைகள் படிப்பும் வேலையுமாக வெளியூர் போய்விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மனைவியும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். எங்களைப் போலச் சுற்றுகிற ஜோடிகள் இப்போது பஸ்ஸில் அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாக்கள் ஜன்னல் ஓரம் உட்காருகிறார்கள். மடியில் ஒரு கட்டைப்பை. பையில் புளிச்சோறும் ஒரு பாட்டில் தண்ணீரும். பக்கத்தில் புருஷன், போகிற ஊரை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளாத முகத்தோடு.

யார் ஊட்டு விசேஷம்?

நம் ஊர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே கிளம்ப வேண்டுமென்றால் யாருக்காவது ஏதாவது நடந்திருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு, எழவு, கருமாதி, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. இதில் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் தெருவுக்குப் பொறுக்காது. முதல் தடவை நாங்கள் கிளம்பியபோது எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே மறித்தார்.

“என்ன கண்ணு, சோடியாக் கெளம்பிட்டீங்க? யார் ஊட்டு விசேஷம்?”

“விசேஷமெல்லாம் இல்லக்கா. பூலாம்பட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்னு.”

“பூலாம்பட்டில யாரு இருக்கறா?”

யாரும் இல்லை என்று சொன்னதை அக்கா நம்பவில்லை. பொண்ணு பார்க்கப் போகிறோம், அதை மறைக்கிறோம் என்று அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்க முடிவாகிவிட்டது. அதன் பிறகு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கே போனாலும் “கோயிலுக்கு” என்று சொல்லிவிடுவது. கோயிலுக்குப் போகிறவர்களை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நினைத்துப் பார்த்தால் நம் பாட்டிமார்களும் இதே வழியில்தான் ஊர் பார்த்திருக்கிறார்கள். வேண்டுதல், பௌர்ணமி, அமாவாசை, ஆடிப்பெருக்கு என்று நாள் குறித்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டியவர்கள் அவர்கள். சாமி கும்பிட்டது அரைமணி நேரம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் வேடிக்கை.

எங்கள் ஊர் இதற்குத் தோதான இடம். பெங்களூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்தப் பக்கம் போகிறது. சேலத்திலிருந்து வரும் ரயில் பாதை ஓமலூரில் பிரிந்து ஒன்று தர்மபுரி வழியே பெங்களூருக்கும், மற்றொன்று மேட்டூர் அணைக்கும் போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா நதி ஊரைத் தொட்டுக்கொண்டு எடப்பாடிப் பக்கமாகக் காவிரியைப் பார்த்து ஓடுகிறது. ஓமலூரைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஓமலூருக்கென்று வருகிறவர்கள் குறைவு. சுற்றுலாக் கையேட்டில் இடம்பிடிக்காத ஊருக்கு அதுவே ஒரு வசதி. எந்தப் பக்கம் போகும் பஸ்ஸும் நின்றுதான் போகும்.

டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களுக்கு ஒரு அரசு உத்தரவும் காரணம். 2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் முதல் நாளே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். மறுநாளே அமலுக்கு வந்தது. பின்னால் ‘விடியல் பயணம்’ என்று பேர் வைத்தார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கு வேலைக்குப் போகிற, கூலிக்குப் போகிற பெண்களைப் பற்றியது. வேடிக்கை பார்க்கப் போகிற பெண்களைப் பற்றி யாரும் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் நன்றாக இருக்கும்.

என் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் காசில் இல்லை. முன்பெல்லாம் எங்கே போவது என்பதை டிக்கெட் எடுக்கிறவன் முடிவு செய்தான். இப்போது அவளுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதால் அவள் முடிவு செய்கிறாள். நான் உடன் போகிறேன். கண்டக்டர் கை நீட்டும்போது, “ஒண்ணே ஒண்ணு, தாரமங்கலம்” என்று நான் சொல்ல, பக்கத்தில் அவள் இலவசச் சீட்டை மடித்துத் தாலிக்கொடியில் செருகிக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

ஒரு சங்கடமும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் தனியார் பஸ்கள் ஏராளம். பாட்டுப் போட்டுக்கொண்டு, லைட் மின்ன, கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. அதில் பெண்களுக்கும் காசு உண்டு. அப்படி ஒரு பஸ் முன்னால் வந்து நின்று கிளீனர் கூவிக் கூவி அழைத்தாலும் என் மனைவி அசைய மாட்டாள். “இருங்க, கவர்மெண்ட் வண்டி வரட்டும்.” ஏறாமல் விட்ட பஸ்களின் புழுதியை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும் புருஷர்களை ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். எங்களுக்குள் ஒரு தலையசைப்பு இருக்கிறது.

ஜோடியாக ஊர் சுற்றுவதில் எங்களைவிடப் பெரிய ஆட்கள் உண்டு. கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1963இலிருந்து நடந்துவந்த ஒரு சின்ன டீக்கடையின் வருமானத்தில் நாள்தோறும் கொஞ்சம் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, அந்தக் கடனை டீ ஆற்றியே அடைத்து, மறுபடி கடன் வாங்கி, இருபத்தாறு நாடுகளைப் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையும் பயமும் சேர்ந்தே வருகிறது. இன்னொரு பக்கம் அலஸ்டர் ஹம்ப்ரீஸ் என்று ஒரு ஆங்கிலேயர். நாலு வருஷம் சைக்கிளில் உலகத்தைச் சுற்றியவர். அப்புறம் என்ன தோன்றியதோ, 2011 ஜனவரிக் குளிரில் லண்டனைச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து ஒரு வட்டம் அடித்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்கிற சின்னச் சின்ன சாகசங்களைப் பற்றி 2014இல் ஒரு புத்தகமும் எழுதினார். உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு அவர் வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் ஊர் அம்மாக்கள் புளிச்சோற்றோடு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாலிக்கு ராமன் தெரியாது

ஓமலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தாரமங்கலம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே அதைச் சரியாகப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் நிறைய. ‘நம்ம தாரமங்கலம்தானே’ என்கிற அலட்சியம். கைலாசநாதர் கோயில் மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருந்திருந்தால் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வரிசையில் நிற்பார்கள்.

கோயில் பழையது. இப்போது நாம் பார்க்கும் சிற்பப் பெருக்கெல்லாம் கெட்டி முதலிகள் செய்வித்தவை. மதுரை நாயக்கர்களுக்குக் கீழே இந்தச் சீமையை ஆண்டவர்கள் அவர்கள். அருகே அமரகுந்தியில் இருந்துகொண்டு ஆண்டார்கள். மும்முடி, சீயாலன், வணங்காமுடி என்று தலைமுறை தலைமுறையாக இந்தக் கோயிலில் கல் தட்டும் ஓசை ஓயவில்லை. மேற்கே பார்த்த கோயில். ராஜகோபுரத்தின் அடிப்பகுதியையே தேராக்கி, யானையும் குதிரையும் இழுத்துப் போவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் கல் சங்கிலியையும், சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் தேடிப் போவார்கள். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பிள்ளைகள் உருட்டி உருட்டியே அது வழுவழுவென்று ஆகிவிட்டது. எனக்குப் பிடித்தது மேலே இருக்கிறது. மண்டபத்தில் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் தலைகீழாக ஒரு கல் தாமரை. அதைச் சுற்றிக் கிளிகள், தலையைக் கீழே தொங்கவிட்டு இதழைக் கொத்துகின்றன. கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். தரையில் ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. கூட்டமில்லாத காலை வேளையில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வாலி வதம் இருக்கும் தூண்களிடம் என் மனைவிக்குத் தனிப் பிரியம். ஒரு தூணில் வில்லோடு ராமன். சற்றுத் தள்ளி இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சண்டை தெரிகிறது. வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டார், நடுவில் தூண் மறைக்கும். மறைந்து நின்று அம்பு விட்ட கதையை எழுத்தில் சொல்லாமல் தூண்களை நிறுத்தி வைத்த இடத்திலேயே சொல்லிவிட்டான் அந்தச் சிற்பி. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். அவள் ராமனிடத்தில் போய் நின்றாள், நான் வாலி பக்கம்.

“நான் தெரியறேனா?”

“தெரியலயே.”

“எனக்கு நீங்க நல்லாத் தெரியறீங்க. வீட்லயும் இதேதான நடக்குது.”

அந்த மண்டபத்தின் எதிரொலியில் அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்காமலே சிரித்தார். ரதியும் மன்மதனும்கூட இப்படித்தான் எதிரெதிர்த் தூண்களில்; ரதி இருக்கும் இடத்திலிருந்து மன்மதன் தெரிவான், மன்மதனுக்கு ரதி தெரியமாட்டாள் என்று உள்ளூரில் சொல்வார்கள்.

இந்தக் கோயிலில் நாங்கள் பார்க்காமல் விட்டது ஒன்று. மாசி 9, 10, 11 தேதிகளில் சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியே நுழைந்து கருவறை லிங்கத்தின் மேல் விழும். அதைப் பார்க்க வெளியூர்க் கூட்டமெல்லாம் வரும். சாயங்காலம் என்றால் எங்களுக்கு எது நேரம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கறக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், ஆனால் எங்கள் மாடு அவரை நிற்கவிடுவதில்லை.

படகில் போனால் ஈரோடு

எடப்பாடியில் பஸ் மாறினால் பூலாம்பட்டி. எடப்பாடிக்கு நாட்டு அரசியலில் உள்ள பேர் எல்லோருக்கும் தெரியும். தைப்பூசம் கழிந்து காவடி எடுத்து நடந்தே பழனிக்குப் போகும் எடப்பாடிக் கூட்டத்துக்கு மலைமேல் ஒரு ராத்திரி தங்கும் உரிமை உண்டு என்பது அந்த அளவுக்குத் தெரியாது. இந்த வட்டாரம் நடந்தே பழகியது.

பூலாம்பட்டியில் காவிரி அகலமாக, அசையாமல் நிற்கும். கீழே மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் அப்படி. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவில் விசைப்படகு போகிறது. சினிமாக்காரர்களும் யூடியூப்காரர்களும் இந்த ஊருக்கு ‘குட்டிக் கேரளா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தென்னையும் நெல்லும் தண்ணீரும் காவிரிக்கரையின் சொந்தச் சொத்து. அதைப் பாராட்ட மலையாள தேசத்தில் பேர் இரவல் வாங்க வேண்டுமா?

படகை உல்லாசப் படகு என்று நினைத்துப் போகாதீர்கள். அது பஸ்ஸைப் போலத்தான். சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஆகும் தூரத்தை மிச்சம் பிடிக்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். முதலில் பைக்குகளை ஏற்றுகிறார்கள். ஓட்டிவந்தவர் இறங்கி வண்டியைத் தள்ள, படகுக்காரர் முன்சக்கரத்தைப் பிடித்து ஒரு சாய்ப்புச் சாய்த்து உள்ளே இழுக்கிறார். அடுத்து ஒரு பெரியவர் சோளத்தட்டுக் கட்டோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று செல்போன் பார்க்கிறார்கள், தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காமல். இஞ்சின் சத்தத்தில் எதுவும் பேச முடியாது. என் மனைவி மட்டும் படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாள். எதிரே பாலமலை நெருங்கி வந்தது. சில நிமிஷத்தில் அந்தக் கரை.

அந்தக் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு டீக்கடையில் டீ குடித்தோம். “ஈரோடு டீ நல்லாத்தான் இருக்குது” என்றாள். அடுத்த படகில் திரும்பினோம்.

போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கதவணையில் பராமரிப்பு வேலை நடந்தால் தண்ணீரை வடித்துவிடுவார்கள், அப்போது படகு ஓடாது. மேட்டூரில் உபரிநீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டாலும் ஓடாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் நிற்கும், அதிகமானாலும் நிற்கும். தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

மேட்டூர்: எண்ணெய்ச் சட்டியும் நூற்றிருபது அடியும்

மேட்டூருக்கு வழி மேச்சேரி. பத்ரகாளியம்மனுக்குப் பேர்போன ஊர், ஆட்டுக்கும் பேர்போன ஊர். மேச்சேரி ஆடு என்று தனி இனமே உண்டு. அதற்கென்று பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, ஒட்டிய முடி. பஸ் ஜன்னலிலிருந்தே அடையாளம் சொல்லலாம்.

மேட்டூரில் சனம் அணையைப் பார்க்க வருகிறது என்பது பாதி உண்மை. மீன் தின்ன வருகிறது என்பது மீதிப் பாதி. வறுவல் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபி என்று மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கை காட்டும் மீனைத் தராசில் போட்டு, விலை சொல்லி, அப்படியே எண்ணெய்க்குள் விடுவார்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை என் கையில் இல்லை. அவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், மசாலா எத்தனை மணிக்குத் தடவினது என்று கேட்பாள். கடைக்கார அம்மா சலித்துக்கொண்டாலும் நல்ல துண்டாக எடுத்துத் தருவார்.

அணையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இன்னும் ருசி. 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21இல் திறந்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பேரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாக்காரர்கள் இந்த எண்களைப் பிள்ளைகள் ஜாதகம்போல ஒப்பிப்பார்கள். நம் பக்கத்துக்கு இதில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் போன ஊர்கள். கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும், தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ‘அணைக்குள்ளதான் எங்க ஊரு’ என்று சொல்லும் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. சொந்த ஊரைப் பார்க்கப் பஞ்ச காலத்துக்குக் காத்திருக்க வேண்டியவர்கள்.

அணை நிரம்பும் வருஷத்தில் பதினாறு கண் மதகில் தண்ணீர் பாய்வதைப் பார்க்கத் தனிக் கூட்டம். 2024 ஜூலை கடைசியில் நிரம்பியபோது அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. அந்த உபரிநீரை வீணாக்காமல் மேட்டேற்றி, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பக்கத்து நூறு வறண்ட ஏரிகளை நிரப்புவதற்கென்று 565 கோடி ரூபாயில் ஒரு திட்டம் 2020இல் தொடங்கியது. இப்போதெல்லாம் எங்கள் பயணத்தில் ஒரு பொழுதுபோக்கு, பஸ் போகும் வழியில் எந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது, எதில் வேலமரம் நிற்கிறது என்று இரண்டு பக்க ஜன்னலிலும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பது. அவள் பக்கத்தில்தான் எப்போதும் தண்ணீர் அதிகம் என்பது அவள் கட்சி.

காசும் நேரமும் இல்லாத வாரத்தில் சரபங்காவே போதும். மழையில்லாத நாட்களில் பாலத்தில் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது, சாக்கடைதான். ஏற்காட்டில் கொட்டினால் இங்கே ஆறு வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மலையில் கொட்டியபோது சரபங்கா எங்கள் ஊருக்குத் தான் யார் என்று காட்டிவிட்டுப் போனது. அது வேடிக்கை அல்ல, கரையோரத்துக்காரர்களுக்கு அது இழப்பு. அளவான மழைக்கு மறுநாள் காலையில் பாலத்தில் நிற்பது வேறு. அன்றைக்கு ஓமலூரில் பாதித் தம்பதிகளை அங்கே பார்க்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசை அன்று போகாதீர்கள், கூட்டம் தள்ளும். சாதாரண ஞாயிறு நல்லது. மலையின் அந்தப் பக்கம் சேலம் இரும்பாலை. சங்ககிரிக் கோட்டை வெயிலுக்கு முன்னால் ஏற வேண்டிய இடம். 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை அது. படி ஏறி வாசல் வாசலாகக் கடந்து மேலே போகும்போது பேச்சு தானாகவே குறைந்துவிடும், மூச்சு வாங்குவதும் ஒரு காரணம். காமலாபுரம் விமான நிலையம் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வர ஆரம்பித்த பிறகு, வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு, இறங்கும் விமானத்தைப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. செலவு பெட்ரோல் மட்டும்.

சேலத்துக்குப் போனால் வேறு வேலை இல்லை, தட்டுவடை செட்டுதான். உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடை ஒன்றை வைத்து, அதன்மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுகிறார்கள். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தால் சட்டை பாழ். அதையே நொறுக்கிக் கலந்து கொடுத்தால் நொறுக்கல். நான் நொறுக்கல் கட்சி.

ஏற்காடு பற்றிக் கேட்பீர்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பி போட்டு வளர்த்த மலை, எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஏரிக்கரையில் ஜனத்தைத்தான் பார்ப்பீர்கள். மே மாதக் கோடை விழாவின்போது இன்னும் மோசம். போவதென்றால் வார நாளில், மழை விட்ட மறுநாள் போக வேண்டும்.

ஒரு நோட்டு

எந்த ஊருக்குப் போனாலும் என் மனைவி கட்டைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். கோயில் வரலாறு எழுதுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். எந்த ஊரில், எந்த இடத்தில், பெண்கள் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்ற விவரம். பக்கம் பக்கமாக.

நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவள் கிளம்புகிற அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸை இலவசமாக்க முடிந்த நாட்டில், பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போட முடியவில்லை. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. வண்டிக்கு எண்ணெய் போடாவிட்டாலும் கேட்கலாம். அவள் நோட்டில் பாதி இடங்கள் பங்குகள்தான். பஸ் ஸ்டாண்டுகள் சிலவற்றுக்கு நேரே பெருக்கல் குறி.

எதிர்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இப்போது வெளியே கிளம்புகிறார்கள். போன வாரம் மேட்டூர் போக வழி கேட்டு வந்தார். மீன் கடை, பஸ் நேரம் எல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் மனைவியைப் பார்த்து, “கண்ணு, அந்த நோட்டைக் கொஞ்சம் குடு, செல்லுல போட்டோ புடிச்சுக்கறேன்” என்றார்.